அகல்விளக்கு வகுப்பு போதாது: மும்பையில் தமிழர் நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மும்பையில் தமிழர்கள் நடத்திவரும் பள்ளிகளில் பயிலும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அன்றாட வாழ்க்கைத் திறன்களைப் பாட நேரத்திற்குள்ளேயே கற்றுக்கொடுக்க வேண்டும், அதைப் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் இலக்குகளோடு, அவர்கள் புழங்கும் இடங்களிலேயே வைத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நான் தாராவி, சயான், ஆண்டாப்ஹில் பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோடு பணிபுரியும் சிறப்பாசிரியர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பார்வையின்மை என்று பிள்ளைகளின் நிலை பலவகையாக இருந்தாலும், பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தக் கேள்வியில் ஒரு பகுதிக்காவது பள்ளியால் விடை தர முடியும். இவனை எல்லாவற்றுக்கும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற நிலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவனைக் கொண்டுவந்து விடுவதுதான் அந்த விடை.

உங்கள் பள்ளிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியத்தில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து 'ஆக்டிவிட்டி' வகுப்பு நடத்துகிறார்கள். தீபாவளிக்கு முன் அகல்விளக்குக்கு வண்ணம் பூசுவார்கள், ராக்கி வரும் மாதத்தில் கயிற்றில் மணி கோப்பார்கள், இடையிடையே காகிதப் பையும் மெழுகுவத்தியும் செய்வார்கள். ஆண்டு விழாவன்று வாசலில் மேசை போட்டு அவற்றை விற்பதும், சிறப்பு விருந்தினர் முதல் விளக்கை வாங்குவதும், அதைப் படம் எடுப்பதும் வழக்கம். விளக்கின் விளிம்பில் நேர்க்கோடு இழுத்தது ஆசிரியை என்பது மேசையைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும்; யாரும் சொல்வதில்லை. அப்படியொரு மேசைக்குப் பின்னால் நான் பார்த்த பதினாறு வயதுப் பையனுக்குத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடத் தெரியாது. மூன்றாம் வகுப்பிலிருந்து அதே பள்ளியில் படிப்பவன் அவன். அவனுக்குப் பொத்தான் போடச் சொல்லித்தருவது யாருடைய வேலை என்று அந்தப் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்கவில்லை.

கைவேலை கூடாது என்பது என் கருத்தல்ல. அது வாழ்க்கைத் திறன் கல்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதைத்தான் மறுக்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கடுமையான குறைபாடுள்ள மாணவர்களின் கல்வியைப் பற்றிப் பணியாற்றிய பேராசிரியர் லூ பிரௌன் ஆசிரியர்கள் முன் ஒரு சோதனைக் கேள்வியை வைத்தார். இந்தக் காரியத்தைப் பிள்ளை கற்காவிட்டால், அவனுக்காக வேறொருவர் இதைச் செய்ய வேண்டியிருக்குமா என்பதே அந்தக் கேள்வி. அகல்விளக்குக்கு அவன் வண்ணம் பூசாவிட்டால் யாரும் பூச வேண்டியதில்லை. மலம் கழித்தபின் கழுவிக்கொள்ள அவன் கற்காவிட்டால், முப்பது வயதிலும் யாரோ ஒருவர் கழுவிவிட வேண்டும். அந்த ஒருவர் அறுபது வயது அம்மாவாக இருப்பார். உங்கள் பள்ளியின் கால அட்டவணையில் இந்தப் பிள்ளைகளுக்கென்று உள்ள ஒவ்வொரு பாடவேளையையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்த்தால், எது தங்க வேண்டும், எது நகர வேண்டும் என்பது ஒரே உட்காரலில் தெரிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று, 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற பெயரில், இந்தியா முழுவதும் சிறப்புப் பள்ளிகளில் இன்றும் புழங்குகிறது. உண்பது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு, எண், காலம், பணம், வீட்டு வேலை, ஊர்ப் புழக்கம், பொழுதுபோக்கு, தொழில் என்று 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், மொத்தம் 360. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் இந்த வரிசையில் ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய செயல். 'தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது' என்று மதிப்பெண் அட்டையில் எழுதும் வசதி இதில் கிடையாது. மெட்ராஸ் என்ற பெயரையே தாங்கிய இந்த முறையை வடநாட்டுச் சிறப்பாசிரியர்கள் எம்.டி.பி.எஸ். என்ற எழுத்துச் சுருக்கத்தோடு சரளமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்மவர் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் அதைப் பற்றிக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இந்த நகரத்திலேயே துணைக்கு ஆளும் உண்டு. 1944இல் தொடங்கப்பட்டு, இப்போது சிவ்ரியில் இயங்கும் ஜெய் வகீல் நிறுவனம், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான 'திஷா' என்ற பாடத்திட்டத்தை மாநில அரசோடு சேர்ந்து மகாராஷ்டிரத்தின் சிறப்புப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; உங்களில் பலருக்கு அது தெரிந்ததே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 24ஆம் பிரிவு, வாழ்க்கைத் திறன்களையும் சமூகத் திறன்களையும் கற்பிப்பதைக் கல்வி உரிமையின் பகுதியாகவே வைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதோடு கடமை முடிவதில்லை, அவனுடைய முன்னேற்றத்தைக் கண்காணிக்கவும் வேண்டும் என்கிறது அது. தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கும், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்துத் தந்தது. ஆகவே இம்மடலை நன்கொடை கேட்கும் விண்ணப்பமாகப் படிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் திறனை எங்கே கற்றுக்கொடுப்பது என்பதில்தான் நல்ல நோக்கமுள்ள பள்ளிகளும் சறுக்குகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள, பதின்மூன்று வயதை ஒட்டிய ஒரு சிறுமியின் பள்ளியில் கழிப்பறைப் பயிற்சி நடந்தது, நன்றாகவே நடந்தது. உட்காரும் வகை வெஸ்டர்ன் பேசின், சுவரில் தண்ணீர் பீய்ச்சும் குழாய், சுத்தமான தரை, உள்ளே வழுக்கிப் போகும் தாழ்ப்பாள். அவள் வீடு தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கழிப்பறை சந்தின் கோடியில், பல வீடுகளுக்குப் பொதுவாக இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தமிழர்களும் அதைச் 'சண்டாஸ்' என்றுதான் சொல்வார்கள். அங்கே போக வாளியில் தண்ணீர் எடுத்துச் சிந்தாமல் நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், முன்னால் இருப்பவர் வெளியே வந்தபின் உள்ளே போக வேண்டும், தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் தொங்கும் கம்பியைக் கொக்கியில் மாட்ட வேண்டும், குந்தி உட்கார வேண்டும், உடையை நனையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு கையால் ஊற்றி மறு கையால் கழுவ வேண்டும், மீதித் தண்ணீரை ஊற்றிவிட்டு வர வேண்டும். பள்ளியில் அவள் தேர்ச்சி பெற்றதில் இவற்றுள் ஒன்றுமில்லை. பள்ளியின் பதிவேட்டில் 'தானாகச் செய்கிறாள்' என்றிருந்தது. வீட்டில் அம்மா உடன் போய்க்கொண்டிருந்தார்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகவில்லை. பள்ளியின் பின்புறம் பணியாளர்களுக்கென்று இருந்த இந்தியன் கழிப்பறையில், வாளியும் குவளையும் வைத்து, பாவாடைக்குப் பதில் அவள் வீட்டில் உடுத்தும் நைட்டியோடு பழக்கினோம். பிறகு சனிக்கிழமை காலைகளில் அவள் சந்துக்கே போய், வரிசையில் நிற்பதைப் பழக்கினோம். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, ஏனென்றால் முன்னே நிற்பவர்கள் இரக்கப்பட்டு அவளை முதலில் விட்டுவிடுவார்கள். இரக்கம் காட்ட வேண்டாம், அவள் முறை வரும்வரை நிற்கட்டும் என்று சந்துப் பெண்களிடம் சொல்லிப் புரியவைத்தது அவள் அம்மாதான். பூப்பெய்துவதற்கு முன்பே நாப்கின் மாற்றுவதையும் இதே முறையில் பழக்குகிறோம். நாப்கினில் சிவப்பு மை தொட்டு வைத்து, எப்போது மாற்ற வேண்டும் என்று கண்ணுக்குக் காட்டி, கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டி வரை எடுத்துப் போகப் பழக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பில் வண்ணப்படம் காட்டி முடிக்கிற காரியம் அல்ல இது.

கற்பிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கால்சட்டை போடுவதைக் கற்றுக்கொடுக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்குவதில்லை. கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். தொடை வரை ஆசிரியர் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். அது கைவந்தபின் முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் பிள்ளையாகவே இருக்கிறான். இன்னொன்று, வாயை மூடிக்கொள்வது. 'சோப்பு எடு, தேய், இப்போ கழுவு, குழாயை மூடு' என்று அடுக்கிக்கொண்டே போனால், அந்தச் சொற்களும் சேர்ந்துதான் பிள்ளைக்குக் கைகழுவுதல் ஆகிவிடும். சொல்ல ஆள் இல்லாத நாளில் குழாயடியில் நின்றுகொண்டே இருப்பான். ஆகவே கைபிடித்துக் காட்டுவதிலிருந்து கைகாட்டுவதற்கும், அதிலிருந்து வெறும் காத்திருப்புக்கும் நாம் படிப்படியாக விலக வேண்டும். விடியுமுன் வரும் மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து, சமைத்து, ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்பும் ஒரு தாயால் பிள்ளை பொத்தான் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. அவர் போட்டுவிட்டுப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருக்க நேரம் உள்ள இடம் பள்ளி ஒன்றுதான்.

பணத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் காய்கறியும் லேமினேட் செய்த காகித நாணயமும் வைத்துக் 'கடை விளையாட்டு' நடத்திவிட்டுப் பணம் கற்றுக்கொடுத்தாயிற்று என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கூட்டல் தெரியாத பிள்ளையும் கடையில் பொருள் வாங்கலாம். அதற்கு வழி இருக்கிறது. கடைக்காரர் 34 ரூபாய் என்றால் மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிவைத்து அதோடு இன்னும் ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கை நீட்டு, அவ்வளவுதான். கழித்தல் கணக்கில் இரண்டாண்டு தேங்கி நின்ற பிள்ளைகள் இந்த வழியில் பாலும் பாவ் ரொட்டியும் வாங்கிவரப் பார்த்திருக்கிறேன். இன்று கடைக்காரர் முதலில் காட்டுவது கைபேசியால் பணம் கட்டும் ஸ்கேனர் அட்டையைத்தான் என்பதால், 'கேஷ் ஹை' (ரொக்கம் இருக்கிறது) என்று சொல்லவும், கைபேசியில் கட்டினால் ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்லும்வரை நிற்கவும் கூடப் பழக்க வேண்டியிருக்கிறது.

பார்வையற்ற பிள்ளைக்கு அதே பணப் பாடம் வேறு பாடம். இப்போதைய வரிசையில் 100 ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலால் அளக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். அதனால்தான் ஓரங்களில் தடவி அறியும் சாய்கோடுகளை அச்சிட்டிருக்கிறார்கள். 100க்கும் 200க்கும் நான்கு கோடுகள், 200இல் கூடுதலாக இரண்டு வட்டங்கள், 500க்கு ஐந்து கோடுகள். ஆனால் நம் பிள்ளைகள் கையில் அதிகம் புழங்கும் 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் இந்த மேடான அடையாளம் இல்லை. நீளத்தைத்தான் நம்ப வேண்டும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வரிசைப் பத்து ரூபாய்த் தாளின் நீளம் 137, புதிய ஐம்பதின் நீளம் 135. இரண்டும் இன்னும் செல்லும். கசங்கிய தாளில் இதை எந்த விரலும் கண்டுபிடிக்காது. ஆகவே தாள்களை மதிப்புக்கு ஒரு விதமாக மடித்து வைக்கும் பழக்கத்தையும், ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலியால் தாளைக் கேட்டு அறிவதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம். 'பணத்தை அடையாளம் காண்கிறான்' என்று பதிவேட்டில் ஒரே வரியில் எழுதுவதற்குள் இவ்வளவு இருக்கிறது.

வெளியே அழைத்துப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தால் நிர்வாகக் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பது. நியாயமான கேள்விதான்; ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுவது நியாயமில்லை. இதே பள்ளிகள் நூறு பிள்ளைகளை எஸ்ஸல் வேர்ல்டுக்கும் நேரு கோளரங்கத்துக்கும் பேருந்தில் அழைத்துப் போய் வந்தவைதாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை, கூட்டம் குறைந்த பதினொன்றிலிருந்து மூன்று மணி வரையான நேரம் என்று விதிகள் வகுத்துக்கொண்டால் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கும். முதலில் பள்ளி வாசலிலிருந்து மளிகைக் கடை வரை, பிறகு 90 அடிச் சாலையைக் கடப்பது, பிறகு பேருந்து, கடைசியில்தான் ரயில். சிக்னலில் பச்சை வந்தால் நட என்று சொல்லிக்கொடுத்தால் தாராவியில் பிள்ளை அடிபடுவான். சிக்னலை மதிக்காத வண்டிகளுக்கிடையே, கடக்கும் ஒரு பெரியவரின் பக்கத்தில் சேர்ந்து நடக்கத்தான் நாங்கள் பழக்குகிறோம். ரயிலென்றால் சயானிலிருந்து மாட்டுங்கா ஒரே நிறுத்தம், மெது வண்டி. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. அது பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது. அதில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடம் எழுந்திருக்கச் சொல்ல ஒரு வரி இந்தியும் ஒரு வரி மராத்தியும் வேண்டும். பேச்சு வராத பிள்ளை அட்டையைக் காட்டலாம்.

மதிப்பெண் அட்டையில் 'சொன்ன பேச்சைக் கேட்பவள்' என்று பாராட்டாக எழுதப்படும் வரி எனக்கு அச்சம் தருகிறது. யார் சட்டையைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுகிற, யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளையைத்தான் நாம் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்குகிறோம் என்றால், அது கல்வியில் சேராது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யப்படும் பாலியல் வன்தாக்குதலைக் கூடுதல் கடுமையோடு நடத்துகிறது. குற்றம் நடந்தபின் வருவது சட்டம். முன்னால் வர வேண்டியது, 'வேண்டாம்' என்று சொல்லவும், கதவை மூடிக்கொண்டு உடை மாற்றவும், யார் தொடலாம், எதற்காகத் தொடலாம் என்று தெரிந்துகொள்ளவும் தரும் பயிற்சி. இதற்காக வகுப்பறையில் ஆசிரியரிடமே பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்ல அனுமதி இருக்க வேண்டும். இன்று எந்த நிறக் கிரேயான் வேண்டும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்ற சிறு தேர்வுகளில் அவன் மறுப்பை ஆசிரியர் மதித்தால்தான் பெரிய மறுப்புக்கு அவனுக்கு வாய் வரும்.

பணியாளர்கள் பற்றி. சிறப்பாசிரியரை மாதத்துக்குச் சில மணி நேரம் வந்துபோகும் ஆலோசகராக வைத்திருப்பதை விட்டு, ஊதியப் பட்டியலில் சேர்த்து முழுநேரம் நியமிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நான் அழுத்திக் கேட்பது இன்னொருவருக்காக. உங்கள் பள்ளியில் இந்தப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும், டப்பாவைத் திறந்து ஊட்டுவதும், நனைந்த உடையை மாற்றுவதும் யார்? மௌசி என்று நாம் கூப்பிடும் ஆயா. வாழ்க்கைத் திறன் கற்பிக்கக் கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை, பயிற்சிக்கு அனுப்புவதில்லை, பிள்ளையின் இலக்கு என்னவென்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் காலையில் கரண்டி பிடிக்கப் பழக்குகிறார். மதியம் மௌசி, பாவம் சிந்துகிறானே என்று ஊட்டிவிடுகிறார். அவருக்கு இரண்டு நாள் பயிற்சியும், அதற்குரிய சம்பள உயர்வும், பிள்ளையின் திட்டம் பேசப்படும் மேசையில் ஒரு நாற்காலியும் கொடுங்கள். ஆண்டு விழாவில் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கேட்பதைத் தவறாகக் கையாள வழி இருக்கிறது. வாழ்க்கைத் திறன் வகுப்பைக் காரணம் காட்டிப் படிக்கக்கூடிய பிள்ளையைப் படிப்பிலிருந்து நகர்த்திவிடக் கூடாது. மூளை முடக்குவாதத்தால் கையும் பேச்சும் தடுமாறினாலும், கணக்கில் வகுப்புக்கு முன்னே நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வேண்டியவை தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித் தர ஓர் உதவியாளரும்தாம், காகிதப் பை ஒட்டும் மேசை அல்ல. அதே பிள்ளைக்குச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும், வங்கிப் படிவம் நிரப்பவும் கற்றுக்கொடுப்பது படிப்புக்குப் போட்டியாகாது. பொதுப் பாடத்திட்டம் எட்டாத பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டம் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது எவ்வளவு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரோடு உட்கார்ந்து முடிவுசெய்து எழுத வேண்டும். அந்தத் தாள் தமிழில் இருந்தால் கையெழுத்திடும் பெற்றோர் படித்துவிட்டுக் கையெழுத்திடுவார்கள்.

பதினெட்டு வயது முடியும் நாளில் பள்ளி அந்தப் பிள்ளையின் கையில் என்ன கொடுத்தனுப்புகிறது என்பதையும் யோசியுங்கள். இப்போது கொடுப்பது மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றும். அதன்பின் குடும்பம் தொழிற்பயிற்சி நிலையம் தேடிப் போகும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் காப்பாளர் நியமனத்துக்காக மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கும். வங்கியில் கணக்குத் தொடங்க மேலாளர் முன் உட்காரும். அந்த இடங்களிலெல்லாம் கேட்கப்படும் கேள்வி, இவனுக்குத் தானாக என்னென்ன செய்யத் தெரியும் என்பது. அம்மா வாய்வார்த்தையாகச் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எவற்றைத் தனியாகச் செய்கிறான், எவற்றை ஒரு நினைவூட்டலோடு செய்கிறான், எவற்றுக்கு இன்னும் கைபிடித்து உதவ வேண்டும் என்று மூன்று பத்தியில் பிரித்து, பள்ளி முத்திரையோடு ஒரு தாள் கொடுங்கள். தேவைக்கு மேற்பட்ட அதிகாரத்தைக் காப்பாளருக்குக் கொடுக்காமல் தடுக்கவும் அந்தத் தாள் உதவும்.

அடுத்த கல்வியாண்டு ஜூன் நடுவில் தொடங்குகிறது. மே மாதத்தில் நம் குடும்பங்களில் பாதிப்பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கால அட்டவணை முடிவாகியிருக்கும். ஆகவே ஏப்ரல் மாதத்திலேயே, தண்ணீர் நேரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும் மௌசிகளையும் வகுப்பாசிரியர்களையும் சேர்த்து ஒரு கூட்டம் கூட்டும்படி வேண்டுகிறேன். அக்கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றே மூன்று இலக்குகளை முடிவுசெய்து, நாள்தோறும் இரண்டு பாடவேளைகளை அவற்றுக்கென்று ஒதுக்கினால் முதல் ஆண்டுக்கு அது போதும். என்னை அழைத்தால் மேற்சொன்ன 18 துறைகளின் பட்டியலைத் தமிழில் விளக்கிச் சொல்ல வருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். மேடையும் மாலையும் தவிர்த்து, சுற்றி உட்காரும்படி நாற்காலிகளைப் போட்டு வையுங்கள். பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள், அவர்களைப் பற்றித்தானே பேசப் போகிறோம்.

இப்படிக்கு,
தாராவி, சயான் பகுதிப் பிள்ளைகளோடு பணிபுரியும் ஒரு சிறப்பாசிரியர்
மும்பை